வந்துபோகும் தன்மையுடைய குடும்பம்

வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டினேன். அந்தக் காலத்தில் நான் எழுதிய குறிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஓர் அறை நிறையும். பெரும்பாலானவற்றைக் கரையான் தின்றிருக்கும். அதன் செரிமானத்தைப் பாராட்டுகிறேன். ஒரே ஒரு வாக்கியம் மட்டும் அதற்கும் தப்பிவிட்டது. இந்த வருடம் குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரத்தில், என் வீட்டு முன்னறையில், ஒரு பெண்ணின் கைபேசியில் அதை மறுபடி வாசித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு என் வீடு ஒரு கிளை அலுவலகம் ஆகிவிட்டது. பட்டா மாறாதவர்கள், வாரிசுச் சான்றில் பெயர் விட்டுப்போனவர்கள், முதியோர் உதவித்தொகை நின்றுபோனவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். விஷயத்தை அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதில் திறமை எதுவும் இல்லை. அதே மேசைகளில் உட்கார்ந்து நானே மனுக்களைக் கிடப்பில் போட்டிருக்கிறேன்.

அன்றைக்கு வந்தவர்கள் பின்தெருவில் பள்ளிவாசல் பக்கம் குடியிருக்கும் ஓர் அம்மாளும் அவளுடைய மகளும். மகளுக்குப் பதினெட்டு வயது.

“நேட்டிவிட்டிக்குப் போட்டிருந்தோம் அண்ணாச்சி. தள்ளிட்டாக” என்றாள் அம்மா. “நேத்து மெசேஜ் வந்துச்சு. அதைப் பாத்ததுல இருந்து இவ சோறு திங்கல.”

“திங்காமெல்லாம் இல்ல அங்கிள்” என்றாள் மகள். “ரெண்டு தோச தின்னேன்.”

“ஏட்டி, அங்கிள்னு சொல்லாத. தாத்தான்னு கூப்புடு.”

எனக்கு இரண்டுமே பிடிக்காது. கையை நீட்டிக் கைபேசியை வாங்கிக்கொண்டேன்.

பிறப்பிட, இருப்பிடச் சான்றைத்தான் ஊரே நேட்டிவிட்டி என்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்த பிள்ளைகளிடம் பொறியியல் கலந்தாய்வில் அதை யாரும் கேட்பதில்லை. இந்தப் பெண் பத்தாம் வகுப்பு வரை ஷார்ஜாவில் படித்தவள். கடைசி இரண்டு வருடம் மட்டும் தென்காசியில். ஆகவே, தான் இந்த ஊர்க்காரிதான் என்று அவள் காகிதம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வெளிமாநிலத்தார் வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்கு இந்த வரிசையில் நல்ல அரசுக் கல்லூரியே கிடைக்கும். அந்த வரிசையில் ஒன்றும் கிடைக்காது. பணம் கட்டித் தனியார் கல்லூரியில் சேர்க்க அவளுடைய அத்தாவால், அதாவது அப்பாவால், முடியாது. ஷார்ஜாவில் அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது சுரண்டையில் ஒரு சொந்தக்காரரின் ஹார்டுவேர் கடையில் நிற்கிறார். சான்றை இணையத்தில் ஏற்ற இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

நிராகரிப்புக்கான காரணம் திரையில் சின்ன எழுத்தில் இருந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வாசித்தேன்.

‘மனுதாரர் வந்துபோகும் தன்மையுடைய குடும்பத்தைச் சார்ந்தவர் என்பதும், மேற்படி முகவரியில் நிலையாக வசித்து வரவில்லை என்பதும் ஸ்தல விசாரணையில் தெரிய வருவதால் மனு நிராகரிக்கப்படுகிறது.’

வந்துபோகும் தன்மையுடைய குடும்பம். இந்தச் சொற்றொடரைச் செய்தவன் நான். சுமார் இருபது வருடத்துக்கு முன்பு, போலிக் குடும்ப அட்டைகளைக் களையெடுக்கும் வேலை நடந்தபோது எழுதியது. ‘வெளிநாட்டில் உள்ளனர்’ என்று எழுதினால் யார், எங்கே, எப்போது போனார் என்று மேலிடத்தில் கேள்வி கேட்பார்கள். ‘வந்துபோகும் தன்மையுடைய’ என்று எழுதினால் கேட்க மாட்டார்கள். தன்மை என்ற சொல்லுக்கு ஆதாரம் தேவையில்லை. அப்போதைய அதிகாரி அதை ரசித்தார். என்னையே இரண்டு மாதிரி அறிக்கைகள் எழுதச் சொல்லி, நகலெடுத்து, வட்டத்தில் உள்ள எல்லோருக்கும் கொடுத்தார். முதல் தாள், சான்று கொடுப்பதற்கு. இரண்டாம் தாள், மறுப்பதற்கு. பெயரையும் கதவு எண்ணையும் மட்டும் மாற்றினால் போதும். தட்டச்சு இயந்திரத்தில் பிறந்த அந்தத் தாள்கள் கணினிக்கு ஏறி, அதிலிருந்து இப்போது கைபேசிக்கும் வந்து சேர்ந்திருந்தன.

“நடை நன்றாகத்தான் இருக்கிறது” என்றேன்.

மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “வந்துபோகும் தன்மைன்னா என்ன அங்கிள்? டூரிஸ்டா?”

“ஏறக்குறைய.”

“ரெண்டு வருசமா இங்கனயேதான கெடக்கோம். எங்க போனோம், எங்க வந்தோம்?”

பழைய கதை எதையும் நான் சொல்லவில்லை. புது மனு போட வேண்டும் என்றும், அத்தாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், தாத்தா பெயரில் உள்ள வீட்டு ஆவணம், ஷார்ஜாவில் பிறந்ததற்குத் தூதரகத்தில் பதிந்த காகிதம் எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன். பெற்றோருக்குப் பூர்வீகம் இங்கே என்று நிரூபித்தால் பிள்ளைக்கும் கொடுக்கலாம். விதி அப்படித்தான் சொல்கிறது. விதியை யாரும் வாசிப்பதில்லை. மாதிரி அறிக்கையைத்தான் வாசிக்கிறார்கள்.

அடுத்த இரண்டு நாள் அவள் காகிதங்களோடு வந்துபோனாள். நகல் எடுக்கக் காத்திருக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நிறுத்த மாட்டாள். ஷார்ஜாவில் அவர்கள் இருந்த கட்டடத்தில் எகிப்துக்காரர், பாகிஸ்தான்காரர், ஃபிலிப்பினோ, மலையாளி என்று எல்லாரும் இருந்தார்களாம். லிஃப்டில் ஏறினால் முதல் கேள்வி எந்த ஊர் என்பதுதான். இவள் தென்காசி என்பாள். ஒருவருக்கும் தெரியாது. மலையாளிப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியும். தெரிந்துகொண்டு கேலியாகப் பாண்டி என்று கூப்பிடுவார்கள். வாட்ச்மேனுக்கு அவள் ஹிந்தி, அதாவது அரபியில் இந்தியாக்காரி.

“அங்க என் ஃபிலிப்பினோ பிரண்டு ஒருத்தி என்னை ஏட்டின்னுதான் கூப்புடுவா” என்றாள். “அம்மா எப்பவும் அப்படிக் கூப்புடுதால்லா, அதுதான் என் பேருன்னு நெனச்சிட்டா. நானும் திருத்தல.”

தென்காசிப் பள்ளிக்கூடத்தில் முதல் நாளே அவளுக்குத் துபாய் என்று பெயர் விழுந்துவிட்டது. ஷார்ஜா என்று திருத்தப் பார்த்திருக்கிறாள். எல்லாம் ஒன்றுதான், சும்மா இரு என்று சொல்லிவிட்டார்களாம். கல்யாண வீடுகளில் சொந்தக்காரப் பெண்கள் அவள் துப்பட்டாவைத் தொட்டுப் பார்த்து, அங்கே வாங்கியதா என்று கேட்பார்கள். அது தென்காசி பஜாரில் எடுத்தது.

“அதக்கூடத் தாங்கிக்கிடலாம். நான் வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேசுனா, பரவால்லையே, நல்லா தமிழ் பேசுதாளேங்காளுவ. பின்ன என்னத்தப் பேசுவேன்னு நெனச்சாளுவளாம்?”

என் பேரனைப் பற்றியும் இங்கே எழுதியாக வேண்டும். அவன் பெங்களூரில் பிறந்து அங்கேயே படித்தவன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. பேசினால் அவன் அம்மாவே மொழிபெயர்க்க வேண்டும். போன வருடம் அவனுக்கும் இதே சான்று தேவைப்பட்டது. நான் ஒரு போன் செய்தேன். இரண்டாம் நாள் சான்று வந்துவிட்டது. கோயில் பக்கத்துத் தெரு, பழைய குடும்பம், நஞ்சை, புஞ்சை, பட்டா. யார் என்ன விசாரிக்கப் போகிறார்கள்? அவன் அதை வாங்கிப் பார்த்து, தாத்தா, தென்காசி எந்த டிஸ்ட்ரிக்ட் என்று ஆங்கிலத்தில் கேட்டான். பெங்களூரில் அவனிடம் நீ தமிழன்தானே என்று கேட்டு மல்லுக்கு நிற்பவர்கள் இருக்கிறார்கள் என்றும், இங்கே வந்தால் கன்னடக்காரப் பையன் என்று சிரிக்கிறார்கள் என்றும் சொன்னான். பாவம்தான். ஆனால் அவன் சான்றில் எந்தத் தன்மையும் எழுதப்படவில்லை. அதையும் நான் அப்போது கவனிக்கவில்லை.

புது மனு கிராம நிர்வாக அலுவலரின் மேசையில் நின்றது. மேசை இருந்தது, ஆள் இல்லை. சீசன் வேலைக்கு ஐந்தருவியில் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். நான்கு நாள் பாக்கி இருந்தது. தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் புறப்பட்டேன்.

சீசன் நேரத்து ஐந்தருவிக்குத் தன் விருப்பத்தோடு போகிற உள்ளூர்க்காரனை நான் இன்னும் சந்திக்கவில்லை. தண்ணீர் என்னவோ மேலே சுத்தமாகத்தான் புறப்படுகிறது. கீழே வந்ததும் அதில் நல்லெண்ணெய், ஷாம்பு, சீயக்காய், பிரியாணி எச்சில் எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. ஓடையில் உள்ளாடைகள் மிதந்தன. ஈரத் துண்டோடு ஆட்கள் முட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் முதுகில் இருந்த எண்ணெய் என் சட்டைக்கு வந்தது. ஒரு குரங்கு சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து, மோந்து பார்த்துவிட்டு எறிந்தது. அந்தக் கூட்டத்தில் அதற்குத்தான் ருசி தெரிந்தது. இந்த மலையடிவாரத்துக்கு வந்துபோகும் தன்மையுடையவர்கள் யார் என்று கேட்டால் நான் அங்கே நின்று கை காட்டுவேன்.

அலுவலர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தபோது பழக்கடைக்காரர் ஒருவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவளுடைய காலணியையும் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். ரம்புத்தான் பழத்தைக் குலையோடு தூக்கிக் காட்டி, “வாங்க மேடம், டேஸ்ட் பாருங்க, எந்த ஊரு, சென்னையா?” என்று வெளியூர் விலையைச் சொன்னார்.

“ஏன் அண்ணாச்சி, பள்ளிவாசல் தெருக்காரிக்கும் இதே வெலதானா?” என்றாள் அவள். “நேத்து பஜாருல இதுல பாதிக்குத் தந்தான். அதுவும் இப்படி வெதும்பிப் போயி இல்ல.”

அவர் குலையைக் கீழே வைத்தார். “எம்மா, உள்ளூர்ப் புள்ளையா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா?” பிறகு தட்டில் இருந்ததை விட்டு, பலகைக்கு அடியில் இருந்த கூடையைக் காட்டினார். “இதுல எடுத்துக்க. மேல இருக்கறதெல்லாம் அவுங்களுக்கு.”

ஸ்தல விசாரணை என்று நான் கண்ணால் பார்த்தது என் வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கிராம நிர்வாக அலுவலர் ஒரு டீக்கடைக் கூரைக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைஞர். விழுப்புரம் பக்கம். இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. கழுத்தில் ஈரமான அடையாள அட்டை தொங்கியது. நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார், உட்காரச் சொன்னேன்.

“நான் என்னா சார் பண்றது” என்றார். “ஃபைலைப் பாத்தேன். பொண்ணு பொறந்தது வெளிநாடு, படிச்சது வெளிநாடு. இவங்க ரேஷன் கார்டு எப்பவோ கேன்சலாகிப்போச்சு. இப்ப இருக்கிறது ரெண்டு வருஷத்துக் கார்டு. பழைய கார்டு இருந்திருந்தா நானே கண்ண மூடிக்கிட்டுப் போட்டுக் குடுத்திருப்பேன்.”

“விசாரித்தீர்களா?”

“விசாரிச்சேன் சார்.”

“யாரிடம்?”

அவர் அருவியைப் பார்த்தார். “எழுதித்தான சார் ஆகணும். இங்க காலைல ஆறு மணிக்கு வந்து நிக்கிறேன்.” பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். “நீயே சொல்லும்மா. உனக்கு எது ஊரு?”

“தென்காசி.”

“அது சரி. எல்லாரும் அதான் சொல்லுவாங்க. இங்க உனக்கு யாரத் தெரியும்? ஒரு பத்து பேர் சொல்லு.”

“ஒங்களுக்கு யார் சார் தெரியும் இங்கன?” என்றாள் அவள்.

அம்மா அவள் கையைக் கிள்ளினாள். அலுவலருக்குக் கோபம் வரவில்லை. அவர் கொஞ்சம் சிரித்தார். “எனக்கு ஒருத்தரையும் தெரியாதும்மா. நீங்க எல்லாம் பேசறதே எனக்கு முக்காவாசி புரியறதில்ல. ஆனா கேக்கறது என் வேலை.” என்னைப் பார்த்து, “அந்தப் பழைய கேன்சல் ஆர்டர் தப்புன்னு ஏதாவது ஒரு காகிதம் இருந்தா குடுங்க சார். இல்லாட்டி நான் திருப்பித் திருப்பி இதத்தான் எழுத முடியும்” என்றார்.

நியாயமாகத்தான் பேசினார். அதுதான் தொல்லை. அயோக்கியனாக இருந்தால் புகார் எழுதலாம்.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். மகள் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தாள். அம்மா பின்னால் என் எதிரே உட்கார்ந்திருந்தாள். குற்றாலம் ரவுண்டானா தாண்டிய பிறகு கேட்டாள்.

“அந்தக் கார்ட வெட்டுனது யாருன்னு நெனவிருக்கா அண்ணாச்சி?”

நினைவிருந்தது. ஆனால் எந்த வீட்டாரின் முகமும் நினைவில் இல்லை. அந்தச் சரிபார்ப்பில் எனக்கு ஆறு தெருக்கள் ஒதுக்கியிருந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. நான் ரேஷன் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விற்பனையாளரைப் பதிவேட்டைத் திறக்கச் சொல்லி, யார் யார் வீட்டில் ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்லச் சிவப்பு மையில் கோடு போட்டேன். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மாலைக்குள் ஆறு தெருவும் முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே அந்த அருமையான வாக்கியத்தை எழுதி, நேரில் சென்று விசாரித்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

“கார்டு கேன்சல்னு சொன்னப்ப நான் தாலுகா ஆபீஸுக்கு வந்து பேப்பரப் பாத்தேன்” என்றாள். “ஒங்க கையெழுத்து இருந்துச்சு. பூட்டிய வீடுன்னு வேற போட்டிருந்திய. நான் அன்னைக்கு வீட்டுலதான் இருந்தேன். கதவு தொறந்துதான் கெடந்துச்சு. மாமியாளுக்கு ஒடம்பு சரியில்ல, கஞ்சி வச்சுக்கிட்டிருந்தேன். இவ அத்தா மட்டும்தான் வெளிநாட்டுல. மாமியா எறந்த பெறகு அடுத்த வருசம் அவுக என்னையும் அங்க கூட்டிட்டுப் போயிட்டாக.”

“அப்படியானால் ஏன் என்னிடம் வந்தாய்?”

“வேற யாருகிட்டப் போக? பூட்டுனது நீங்க. எந்தப் பக்கம் தொறக்கும்னு ஒங்களுக்குத்தான தெரியும்.”

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. மின்சார வாரியத்துக்குப் போன் செய்து எந்தக் கம்பத்தில் ஃபியூஸ் போயிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். ஊர் திரும்பிய இந்த இரண்டு வருடமும் எதிரே வரும்போதெல்லாம் ‘சௌக்கியமா அண்ணாச்சி’ என்று கேட்டுவிட்டுப் போனவள். கையெழுத்தைப் பார்த்த பிறகும் கேட்டவள்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். முதுகில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு போய்விட்டது. பிறகு உட்கார்ந்து எழுதினேன். இன்ன காலத்தில், இன்ன பொறுப்பில் இருந்தபோது, மேற்படி தெருவுக்கு நான் நேரில் செல்லவில்லை, வீட்டைப் பார்க்கவில்லை, ரேஷன் கடையில் அமர்ந்து செவிவழியாக எழுதினேன், ஆகவே அந்த அட்டையை நீக்கிய அறிக்கை தவறானது, அதை இந்த மனுவுக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. இரண்டு பக்கம். கையெழுத்து.

இதை எழுதப் பெரிய தைரியம் வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓய்வு பெற்றவர்மேல், நடந்து நான்கு வருடம் தாண்டிய விஷயத்துக்குத் துறை நடவடிக்கை எடுக்க முடியாது. என் ஓய்வூதியத்தில் ஒரு ரூபாய் குறையாது. எழுதுவதற்கு முன் விதியை எடுத்து ஒரு முறை சரிபார்த்துக்கொண்டேன். என் மனசாட்சிக்குக்கூடக் காலவரம்பு தெரியும்.

மறுநாள் காலை வட்டாட்சியரிடம் போனேன். என்னிடம் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வேலை பழகிய பெண்மணி அவர். குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்கப் பெருமையாக இருந்த காலமும் உண்டு. காபி வரவழைத்தார். கடிதத்தை வாசித்தார். முதல் பக்கம் முடிந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“என்ன சார் இது?”

“உண்மை.”

“உண்மைதான். யாரு இல்லைங்கா? ஆனா இத நான் எந்த ஃபைல்ல வைக்க?” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீங்க ஒரு வீட்டுக்குப் போகலன்னு இருக்கு. அப்ப மத்த வீட்டுக்கு? ஒங்க கூட ஆறு பேரு அந்த வேல பாத்தாக. அவுக போனாகளா? நாளைக்கு ஒருத்தன் ஆர்.டி.ஐ. போட்டுக் கேட்டா, அன்னைக்கு வெட்டுன அத்தன கார்டையும் நான் தூக்கிட்டு அலையணுமா? நீங்கதான சார் சொல்லித் தந்திய, ஃபைல்ல புதுசா ஒரு கேள்வி மொளைக்க விடக் கூடாதுன்னு.”

சொல்லித் தந்திருந்தேன்.

“அப்படியானால் சான்று?”

“அதுக்கா இவ்வளவு? மூணு நாள் இருக்குல்லா. அந்த வி.ஏ.ஓ. பையன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். இன்னைக்கே போட்டுருவான்.” கடிதத்தை இரண்டாக மடித்து என் சட்டைப் பைக்கு நேராக நீட்டினார். “இத மட்டும் வீட்டுக்குக் கொண்டு போயிருங்க.”

உண்மையை எழுதிக் கொண்டுபோனேன். அது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சான்று கிடைத்தது. மிரட்டிப் பிடுங்கியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று படியிறங்கும்போது யோசித்தேன். மிரட்டுகிறவனுக்காவது தான் மிரட்டுவது தெரியும்.

மறுநாள் பதினொரு மணிக்கு அந்தப் பெண்ணின் கைபேசிக்குச் செய்தி வந்தது. தாயும் மகளும் என்னையும் அழைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துப் பக்கம் உள்ள இ-சேவை மையத்துக்குப் போனார்கள். அங்கே இருக்கிற பெண், சான்றைத் தரவிறக்கி, ஒரு படி அச்செடுத்து நீட்டினாள்.

“பேரு, அட்ரஸ், எல்லாம் கரெக்டா இருக்கான்னு பாத்துட்டுச் சொல்லு. திருத்தம் இருந்தா இப்பவே சொல்லிரணும், பெறகு புதுசாத்தான் போடணும். சரின்னு சொன்னா நான் இப்பவே காலேஜ் சைட்டுல ஏத்திருதேன்.”

மகள் தமிழை எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாள். அதை இங்கே வந்த பிறகு பழகியவள். விரலை வைத்துக்கொண்டு உரக்க வாசித்தாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். பாதி வரும்போதே அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் தாள். கொடுப்பதற்கான மாதிரி.

“‘மனுதாரர் பிறந்தது முதல் மேற்படி முகவரியில் தொடர்ந்து நிலையாக வசித்து வருகிறார் என்பது ஸ்தல விசாரணையில் தெரிய வருவதால்…’”

நிறுத்தினாள். மறுபடி அந்த வரியை முதலிலிருந்து வாசித்தாள். பக்கத்தில் மேசைமேல், அதே மனுவோடு இணைத்த காகிதங்களில், ஷார்ஜா மருத்துவமனையின் பெயர் போட்ட அவளுடைய பிறப்புப் பதிவு கிடந்தது. அதே கணினியில்தான் இரண்டும் ஏற்றப்பட்டிருந்தன. அதே ஆட்கள்தான் பார்த்திருந்தார்கள்.

“அங்கிள், பொறந்தது முதல்னு போட்டிருக்கு.”

“ஆமாம்.”

“நான் அங்க பதினாறு வருசம் இருந்தேன். அத இல்லன்னு சொல்லுதாங்களா?”

“சொல்லவில்லை. எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.”

“இது பொய்யில்லையா?”

“பொய்தான். ஆனால் செல்லும்.”

“போன வாரம் நான் இங்க இருந்ததே இல்லன்னு எழுதுனாங்க. இந்த வாரம் நான் அங்க இருந்ததே இல்லன்னு எழுதுதாங்க. ரெண்டு இடத்துலயும் இருந்தேன்னு எழுதுறதுக்கு ஒரு தாள் இல்லையா?”

இல்லை. இரண்டு தாள்தான் எழுதினேன். மூன்றாவது ஒன்று வேண்டியிருக்கும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் கடிதம் இன்னும் என் சட்டைப் பையில் மடித்தபடி இருந்தது. எடுக்கவில்லை.

“ஏட்டி, வாய மூடிக்கிட்டு சரின்னு சொல்லு” என்றாள் அம்மா. “நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. ஒன் அத்தா கடையில வேல ஓடாம உக்காந்திருக்காக.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிவகிரியிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு கிழவர், சீக்கிரம் ஆகட்டும் தாயி, பஸ்ஸப் பிடிக்கணும் என்றார். கணினிப் பெண் மவுஸ்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“தப்பு ஏதும் இருக்கா, இல்லையாம்மா?”

மகள் காகிதத்தை மேலிருந்து கீழாக இன்னொரு முறை பார்த்தாள்.

“பேரு சரியா இருக்கு” என்றாள். “ஏத்திருங்க.”